ஓதம் ஏறிய சுவர்

அம்மா படுக்கும் அறையின் சுவரில் ஓதம் ஏறி, பூச்சு உப்பி, பச்சையும் கறுப்புமாகப் படர்ந்திருந்தது. பார்க்கிறவர்களுக்கு அருவருப்பு வரும். என் தம்பிக்குக் கவிதை வந்தது. "காலம் வரைஞ்ச ஓவியம்க்கா இது" என்பான். அதை வைத்தே ஒரு தொகுப்பு போட்டு, பரிசும் வாங்கிவிட்டான். அவன் குடியிருப்பது வேறு வீட்டில். அங்கே சுவரெல்லாம் பளபளவென்று இருக்கும். ஞாயிறானால் இங்கே வந்து, நாற்காலியைச் சுவருக்கு எதிரே போட்டு உட்காருவான். காபி குடித்துவிட்டுப் போவான்.

அம்மா ராத்திரியெல்லாம் இருமுவாள். அந்த அறையில் படுக்கவே கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார். வேறு எங்கே படுப்பாள்? இன்னொரு அறையில் நான், என் வீட்டுக்காரர், பிள்ளைகள். சுவரைக் கொத்திப் பூசலாம் என்று வாயெடுத்தாலே அம்மா தடுப்பாள்.

"பிள்ளை ஆசைப்படுறான். இருந்துட்டுப் போகட்டும்டி."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தத் தொகுப்பை முழுக்கப் படித்தேன். மழை இருந்தது, பாசி இருந்தது, காலம் பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. பெற்றவளின் இருமல் மட்டும் மருந்துக்கும் இல்லை.

போன ஞாயிறு யாரையும் கேட்காமல் கொத்தனாரை வரச் சொல்லிவிட்டேன். அவர் சாக்கை விரித்துக்கொண்டிருக்கும்போதே தம்பி வந்து, சுவருக்கு முன்னால் கையை விரித்து நின்றான்.

"அக்கா, உனக்கென்ன மூளை கீளை கெட்டுப்போச்சா? இன்னும் ஒரு மழைக்காலம் விடு. அடுத்த தொகுப்பு பாதியில நிக்குது."

"அதுவரைக்கும் அம்மா தாங்குவாளாடா?"

"எல்லாத்தையும் பெரிசு பண்ணாதே."

கொத்தனார் என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன்.

"அவன் சொல்றபடியே விட்டுடு..." என்று ஆரம்பித்தவளை இருமல் பிடித்துக்கொண்டது. கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி, கண்ணில் நீர் வழிய இருமினாள். நான் தண்ணீருக்கு ஓடினேன்.

திரும்பி வந்தபோது தம்பி அவள் பக்கத்தில் முழங்காலிட்டிருந்தான். பரவாயில்லையே, முதுகைத் தடவிக்கொடுக்கிறானே என்று நினைத்தேன். படுபாவி, காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். கையில் பேனா. உள்ளங்கையில் என்னவோ கிறுக்கிக்கொண்டிருந்தான்.

"அம்மா, அந்தக் கடைசி இருமல் இருக்கே, உள்ள என்னமோ உரசுற மாதிரி கேட்டுச்சு. உனக்கு எப்படி இருக்கு, சொல்லும்மா."

அம்மா டம்ளரை வாங்கி நிதானமாகக் குடித்தாள். அவன் உள்ளங்கையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு கொத்தனார் பக்கம் திரும்பினாள்.

"நீங்க ஆரம்பிங்கப்பா. செங்கல் தெரியிற வரைக்கும் கொத்துங்க."