கள்ள ஆட்டம்

“மச்சான், விரலை எடுங்க.”

கேரம் பலகையில் சிவப்புக் காயைச் சுண்டுவிரலால் குழியோரம் நகர்த்திக்கொண்டிருந்த அண்ணன் திடுக்கிட்டான். மாத்திரையோடு வந்த தங்கை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

குரல் கொடுத்த அவள் புருஷன் கட்டிலில் தலையணைகளை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தான். ரத்தப் புற்றுக்குக் கொடுத்த மருந்து அவன் உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்துத் துடைத்துப்போட்டிருந்தது. “கண்ணுக்குள்ள கொசு பறக்குது” என்று அவன் முதலில் சொன்னபோது அவள் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினாள். கண் டாக்டர்தான் உடைத்துச் சொன்னார்: “நிறைய பேர் உடம்புல சும்மா தூங்குற வைரஸ்தாம்மா. காவல் இல்லாத வீடுன்னா எழுந்து நடமாடும். விழித்திரையை அரிக்குது.”

இடக்கண் போயிற்று. வலக்கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டார்கள், வாராவாரம். “தெரியுது, தெரியுது” என்பான். தன் ஆறுதலுக்குச் சொல்கிறான் என்றே அவள் நினைத்தாள். அண்ணனும் அப்படித்தான் நினைத்தான். அதனால்தான் தினமும் வந்து, காயைத் தள்ளிவைத்து, தோற்றுக்கொடுத்துவிட்டுப் போனான்.

“நான் எதுக்கு மாப்ள தள்ளப்போறேன்?”

“நேத்தும் தள்ளினீங்க. எதுவரைக்கும் போறீங்கன்னு பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். நடுவுல வைங்க.”

அண்ணன் அசடு வழிய வைத்தான். புருஷன் குனிந்தான், ஒற்றைக் கண்ணைச் சுருக்கினான், சுண்டினான். சிவப்பு எதிர்மூலையில் விழுந்தது. பின்னாலேயே, சிவப்பைத் தனதாக்கிக்கொள்ளப் போடவேண்டிய ஃபாலோ காயும்.

“பார்த்தியா?” என்றான் அவளிடம். “ஊசி போட்ட கண்ணு!”

அவள் கையில் மாத்திரை பிசுபிசுத்துப்போயிருந்தது.

அடுத்த ஆட்டத்தை அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு, ஒழுங்காக ஆடினான். அப்படியும் தோற்றான்.

அன்று சாயங்காலம், சாய்ந்து உட்கார்ந்தபடியே புருஷனின் மூச்சு அடங்கிற்று. ரத்தப் புற்றுதான் ஜெயிக்கும் என்பது எல்லாருக்கும் முன்பே தெரிந்ததுதான்.

சொந்தக்காரர்கள் வந்தார்கள். போன கண் பார்க்கிறவர்களுக்கு நன்றாயிருக்காது என்று நாத்தனார் அவன் முகத்தில் ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டிவைத்தாள். பெரியப்பா மூக்கைச் சிந்தினார். “பாவம், கடைசியில பார்வையே இல்லாம போயிட்டான்.”

“யாரு சொன்னா?” அவள் குரல் கூடத்தையே திரும்ப வைத்தது. “அண்ணே, நீயே சொல்லு.”

அண்ணன் எழுந்து நின்றான். கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. “கள்ள ஆட்டம் ஆடினேங்க. கையும் களவுமாப் பிடிச்சிட்டாரு.” யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவன் விடவில்லை. “அப்புறம் யோக்கியமா ஆடியும் தோத்தேன்யா!”

அவள் குனிந்து கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். மடக்கி, அண்ணனின் சட்டைப்பையில் செருகினாள்.