சாக்கடை மூடிகளின் கைக்குட்டை

இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில் எங்கள் மிட்ஜ்லி குடும்பத்து ஆள் கசங்கிய சட்டையோடு தெருவில் இறங்கியதில்லை. என் மகன் நைஜல்தான் அதைக் கெடுத்தான். கிழிந்த சட்டையில் ஊக்குகளைக் குத்திக்கொண்டு, 1977இல் பங்க் இசைக்குழு தொடங்கினான். 'சாக்கடை மூடிகள்' என்று பெயர். யாருக்கும் உருப்படியாக வாசிக்கத் தெரியாது.

முதல் கச்சேரி எங்கள் தொழிலாளர் மன்றத்தில். கோட்டும் டையுமாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது பாட்டிலேயே கூட்டம் அவன்மேல் துப்பியது. மிட்ஜ்லி முகத்தில் எச்சில்! மேடையேறி, என் வெள்ளைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டேன்.

"அய்யோ அப்பா, இறங்குங்க! பிடிச்சுப்போய்த்தான் துப்புறாங்க!"

"பிடிச்சா கை தட்டச் சொல்லுடா!"

மைக் அதை மன்றம் முழுக்கச் சொல்லிவிட்டது. பிறகு நான் எந்தக் கச்சேரிக்கும் போகவில்லை.

போன மார்ச்சில் நைஜல் இறந்தான். குழுவில் டிரம்ஸ் வாசித்த லொரெய்ன் வீட்டுக்கு வந்தாள்.

"ரசிகருங்க எங்கெங்கிருந்தோ வர்றாங்க, மிட்ஜ்லி ஐயா. எங்க முறைப்படி வழியனுப்பணும்."

"பெட்டிமேல ஒரு சொட்டு எச்சில் விழுந்தாலும் கைத்தடியாலதான் பேசுவேன்."

"அந்த முறைப்பு இன்னும் போகலையே!" என்று சிரித்தாளே தவிர, துப்பமாட்டார்கள் என்று சொல்லவில்லை.

அடக்கத்தன்று தேவாலய வாசலில் கைத்தடியை இறுகப் பிடித்து நின்றேன். பூட்ஸும் தோல்கோட்டும் போட்ட நரைத்த கூட்டம் வழியின் இருபுறமும் நின்றது. பெட்டி வந்தது. எல்லோரும் பைக்குள் கைவிட்டார்கள். வெளியே வந்தவை வெள்ளைக் கைக்குட்டைகள். அத்தனையும் இஸ்திரி போட்டவை. சத்தமில்லாமல் ஆட்டினார்கள்.

போலந்திலிருந்து வந்த ஒருவர் என் கையைப் பற்றினார். "இவங்க ரெக்கார்டைக் கேட்டுத்தான் நாங்க கிடாரையே தொட்டோம். கடைசிப் பாட்டுக்குக் கைக்குட்டை ஆட்டுறது எங்க ஊர்லயும் உண்டு."

"யார் ஆரம்பிச்சது?"

லொரெய்ன் முந்திக்கொண்டாள். "டை கட்டின ஒரு பெருசு. அடுத்த கச்சேரியிலேயே துப்புறது நின்னு, கைக்குட்டை ஆட்ட ஆரம்பிச்சாங்க. எங்கப்பா கைக்குட்டைன்னு நைஜல் எல்லா மேடையிலயும் சொல்லுவான்."

அடக்கம் முடிந்து பரிமாறிய பன்றி இறைச்சி சாண்ட்விச்சும் தேநீரும் தீரும்வரை ஒவ்வொருவரிடமும் போய் நன்றி சொன்னேன். என் பிள்ளையை இவ்வளவு மரியாதையாக வைத்திருந்தவர்களுக்கு அதையாவது செய்ய வேண்டும்.

அன்று அங்கே கசங்கியிருந்த கைக்குட்டை என்னுடையது மட்டும்தான்.