தானாகத் திரும்பும் மோட்டார்

என் இடத்துக்கு வந்தது ஒரு பொம்பளையாக இருந்திருந்தால் வாசலில் நின்று நாலு வார்த்தை கேட்டிருப்பேன். வந்தது ஒரு மோட்டார். அதை என்னவென்று கேட்பது?

கல்யாணமான மறு வருஷத்திலிருந்து படகின் பின்பலகைதான் எனக்கு இடம். நான் இன்ஜினின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏரியில் ஆமை வேகத்தில் ஓட்டுவேன். என் கணவர் நடுவில் என்னைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். பார்ப்பது என்னை அல்ல, என் தோளுக்குப் பின்னால் தண்ணீரில் இழுபட்டு வரும் தூண்டில் நரம்புகளை. வேகம் கொஞ்சம் கூடினால் இரை மேலே வந்துவிடும், குறைந்தால் அடியில் போய்ச் சிக்கிக்கொள்ளும். அதனால் அவர் அவ்வப்போது ஒரு வார்த்தை சொல்வார்: "லேசா." ஒரே வார்த்தைதான். இழுத்துச் சொன்னால் வேகத்தைக் குறைக்க வேண்டும். வெடுக்கென்று சொன்னால் கரைப்பக்கம் திருப்ப வேண்டும். முனகினால் மீன் வந்து முகர்கிறது, அப்படியே போ என்று அர்த்தம். வீட்டில் எங்களுக்குள் உப்பு கம்மி, கேஸ் தீர்ந்துபோச்சு என்பதைத் தாண்டிப் பேச்சு கிடையாது. படகில் அந்த ஒரு வார்த்தையில் நாங்கள் குடும்பமே நடத்தினோம். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவர் அந்த மோட்டாரை வாங்கி வந்து படகின் மூக்கில் மாட்டினார். கரண்டில் ஓடுவது. கையளவு திரையில் ஒரு கோடு போட்டுக் கொடுத்தால் போதும், காற்றடித்தாலும் அலையடித்தாலும் அந்தக் கோட்டிலேயே தானாகத் திரும்பித் திரும்பிப் போகும். ஒரு பட்டனைத் தட்டினால், நங்கூரம் போட்ட மாதிரி ஒரே இடத்தில் நிற்கும். கழுத்தில் தாலி மாதிரி ஒரு ரிமோட் வேறு.

"இனிமே உனக்குக் கஷ்டமே இல்ல. வீட்டுல ஹாயா இரு" என்றார்.

என் நாத்தனார் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்: "கொடுத்து வெச்சவங்க அண்ணி நீங்க. எங்க வீட்லயும் ஒருத்தர் இருக்காரே, எனக்காக ஒரு கரண்டி வாங்கினதில்ல."

பொய் சொல்ல மாட்டேன், நல்ல மோட்டார். சத்தம் கிடையாது, புகை கிடையாது, மீன் மிரளுவதில்லை. நான் கை வலித்து ஒரு நிமிஷம் அசந்தால் படகு கோணிக்கொண்டு போகும், அது போகாது. நான் எதிர்த்துப் பேசுவேன், அது பேசாது. மீனும் முன்னைவிட அதிகம் வந்தது. என் வாயை அடைக்க அது ஒன்றே போதுமே. ஆனால் அதன் பேட்டரி இருக்கிறதே, அம்மிக்கல் கனம். அதைத் தள்ளுவண்டியில் வைத்துப் படகுத்துறைவரைக்கும் தள்ளிக்கொண்டு போவது நான், திரும்பக் கொண்டுவருவதும் நான். கஷ்டமே இல்லாத வாழ்க்கை! சமையலறையில் மிக்ஸியைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டு அந்த இடத்தில் சார்ஜரை வைத்தார். காலையில் கண் திறந்ததும் முதல் கேள்வி, "சார்ஜ் ஏறிடுச்சா?" என்னை ஒரு நாளாவது "சாப்பிட்டியா" என்று இத்தனை அக்கறையாகக் கேட்டதில்லை.

வெட்கத்தை விட்டு ஒரு நாள் கேட்டேன். "சும்மாவாச்சும் கூட வர்றேனே. ஒரு ஓரமா உக்காந்துக்கறேன்."

"நீ வந்தா வெயிட்டு. பேட்டரி சீக்கிரம் எறங்கிடும்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

எனக்கு வேண்டியது அந்தப் பின்பலகை. வேறொன்றும் இல்லை. அதற்காக அந்த மோட்டார் நாசமாய்ப் போக வேண்டும் என்று மனதுக்குள் சபிக்காத நாள் கிடையாது.

சாபம் பலித்தது, கூடவே அவரையும் இழுத்துக்கொண்டு. அன்று பெரிய மீன் ஒன்று மாட்டியிருக்கிறது. ரிமோட் கயிறு நரம்பில் சிக்குகிறதே என்று கழற்றித் தூண்டில் மாட்டும் கொம்பில் தொங்கவிட்டிருக்கிறார். கைவலையோடு எழுந்து எட்டிக் குனிந்தவர், அப்படியே தண்ணீருக்குள். நான் இருந்திருந்தால் மீன் இழுத்த நொடியே வேகத்தைக் குறைத்திருப்பேன். மோட்டாருக்கு என்ன தெரியும்? ஆள் இருக்கிறானா இல்லையா என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் தன் கோட்டில் தன்பாட்டுக்குப் போயிருக்கிறது. சட்டையும் பேன்ட்டுமாக இவர் அதன் பின்னாலேயே நீந்தியிருக்கிறார். ஏரியில் தண்ணீர் இறங்கியிருந்தது. அந்தக் கோடு தண்ணீர் ஏறியிருந்தபோது போட்டது. கடைசியில் மோட்டார் அடியில் கிடந்த ஒரு மரக்கட்டையில் மோதித் தண்டு வளைந்து நின்றது. அதற்குள் இவர் குடித்த தண்ணீருக்கு அளவில்லை. பக்கத்தில் வலை போட்டிருந்த மீன்காரர் ரேடியோதான் தூக்கிப் போட்டுக் கொண்டுவந்தார். எதையும் ஊருக்கெல்லாம் ஒலிபரப்பிவிடுவதால் அவருக்கு அந்தப் பெயர்.

அவரை ஈரத்தோடு வீட்டில் இறக்கிவிட்ட கையோடு ரேடியோ வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். "அண்ணி, உயிர் போற நேரத்துல அண்ணன் என்னன்னு கத்தினாருங்கறீங்க? காப்பாத்துன்னா? அம்மான்னா? 'லேசா! லேசா!'ன்னு கத்தறாரு! ஆளில்லாத போட்டைப் பாத்து! எனக்குச் சிரிக்கறதா நீந்தறதான்னு தெரியல."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்குச் சந்தோஷம்தான், மறைப்பானேன்? சாகும் நேரத்தில் மனுஷன் என்னைத்தானே கூப்பிட்டிருக்கிறார். துண்டை எடுத்து, கல்யாணமான புதிதில்கூடச் செய்யாத மாதிரி, அவர் தலையைத் துவட்டிவிட்டேன். டீ போட்டுக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்னைக் கூப்பிட்டீங்களாமே" என்றேன்.

"உன்னையா? எப்ப?"

"தண்ணியில விழுந்தப்ப. லேசான்னு கத்தினீங்களாம். ரேடியோ சொன்னாரு."

டீயை ஊதிக் குடித்தார். யோசித்துப் பார்த்தார். பாவம், உண்மையாகத்தான் யோசித்தார். "உன்னை எதுக்குக் கூப்பிடப் போறேன், நீதான் வீட்டுல இருக்கியே. போட்டைத்தான் சொன்னேன். எப்பவும் போட்டைத்தானே சொல்லுவேன். பழக்க தோஷம்."

எப்பவும். அந்தச் சொல்லை அவர் எந்த வஞ்சகமும் இல்லாமல்தான் சொன்னார். அதுதான் எரிந்தது. இத்தனை வருஷமும் அவர் படகோடு பேசியிருக்கிறார். படகுக்குக் காது என்று ஒன்று இருந்தது. அது நான்.

ஈரச் சட்டையைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு வந்தேன். அவர் கடைக்காரரிடம் போனில் பேசி முடித்திருந்தார். முகம் தெளிந்திருந்தது.

"தண்டு வெளியூர்லருந்து வரணுமாம். இடுப்புல கட்டிக்கற பெல்ட்டும் இருக்காம். ஆள் விழுந்தா மோட்டார் தானா நின்னுடுமாம். அதையும் சேத்துச் சொல்லிட்டேன்." கப்பைக் கீழே வைத்தார். "அது வர்ற வரைக்கும் நீ வா. பழைய இன்ஜினை எறக்கித் தொடச்சு வெக்கறேன். நாளைக்குக் காலையிலேயே போயிடலாம்."

எந்தப் பின்பலகைக்காக நான் மனதுக்குள் மண்ணை வாரித் தூற்றிக்கொண்டிருந்தேனோ, அதே பின்பலகை. தண்டு வருகிறவரைக்கும்.

"நான் வரல" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் முகத்தை அவர் அவ்வளவு நேரம் பார்த்தது அன்றைக்குத்தான்.

"ஏன், உடம்பு சரியில்லையா?"

சொல்ல ஆயிரம் இருந்தது. எங்கே ஆரம்பிப்பது, யாரிடம் ஆரம்பிப்பது?

"ஆமா. தலைவலி" என்றேன்.

உடனே எழுந்துபோய் அலமாரியைக் குடைந்து ஒரு மாத்திரையைத் தேடி எடுத்து, தம்ளரில் தண்ணீரோடு வந்து என் முன்னால் நின்றார். வாங்கி, அவர் பார்க்க முழுங்கினேன்.