தவக்காலத்தில் விட்ட மாத்திரை

ஈஸ்டர் மதியம் பன்றிக்கறிச் சட்டியை எங்கள் வீட்டு மேசையில் வைத்து மூடியைத் திறந்தார் டென்சில். என் கணவரின் அண்ணன். மேலே விரல் கனத்துக்கு எண்ணெய். அதற்கடியில் தோலோடு கொழுப்புத் துண்டுகள். எனக்கு அருவருப்பாக இருந்தது. கறியைப் பார்த்து அல்ல, அதைக் கண்டதும் என் கணவர் ஃபிராங்க்ளின் உதட்டை நக்கியதைப் பார்த்து.

சில வருடங்களாகவே அவருடைய சிறுநீரகங்கள் தளர்ந்துகொண்டு வருகின்றன. ரத்தத்தில் கொழுப்பு வேறு. டயாலிசிஸை எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ தள்ளிப்போடுவோம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் பூசையில் வேறெதையும் கேட்பதில்லை.

"ஏனு ஆகல்லா, ஒண்ணும் ஆகாது, தின்னுடா," என்றார் டென்சில். "நாப்பது நாள் வாயைக் கட்டியிருக்கே. ஆறிலும் சாவு, நூறிலும் சாவு."

"கொழுப்பு மாத்திரையாவது ஒழுங்கா போட்டீங்களா?" என்று கேட்டேன்.

ஃபிராங்க்ளின் எலும்பை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: "தவக்காலத்துல அது எதுக்கு? கறி இல்ல, முட்டை இல்ல, கொழுப்பு எங்கேருந்து வரும்? முதல் நாளே, சாம்பல் புதனன்னைக்கே நிறுத்திட்டேன். அதையும் ஒரு ஒறுத்தலா ஒப்புக்கொடுத்துட்டேன்."

அண்ணனும் தம்பியும் அந்தச் சாமர்த்தியத்தை மெச்சிச் சிரித்தார்கள், தாடையில் எண்ணெய் வழிய. சீ! ஆண்டவருக்குக் கொடுக்க இந்த மனிதருக்கு வேறெதுவும் அகப்படவில்லை. தன்னைக் காப்பாற்றும் மருந்தைக் கொடுத்திருக்கிறார். அவர் தட்டைக் கழுவவே கை கூசியது.

அடுத்த வாரம் பரிசோதனை முடிவைப் பார்த்து டாக்டர் கிருத்திகா கண்ணாடியைக் கழற்றினார்.

"நாப்பது நாள் கறியே தொடல டாக்டர்," என்றார் இவர், பெருமையாக.

"நீங்க தொடாட்டியும் உங்க ஈரலே கொழுப்பை உண்டாக்கும் சார். கிட்னியில புரதம் ஒழுக ஒழுக இன்னும் ஜாஸ்தியா உண்டாக்கும். அந்தக் கொழுப்பு ரத்தக் குழாயைக் கெடுக்கும், கிட்னிக்கும் நல்லதில்ல. ஒண்ணை ஒண்ணு இழுத்துட்டுப் போகும். மாத்திரையை விட்டதுதான் முழுக் காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா கிட்னி வேகமா இறங்கிட்டிருக்கு. இந்த நேரத்துல நிறுத்துவாங்களா?"

மறுபடி ரத்தம் எடுக்க வந்த நர்ஸிடம் இவர் இடது கையை நீட்டினார். டாக்டர் தடுத்தார்.

"இனிமே அந்தக் கையில ஊசியே வேண்டாம். நரம்பு கெடக்கூடாது. டயாலிசிஸுக்கு அதுலதான் ஊசி போடணும்."

நீட்டிய கையை எங்கே வைப்பதென்று இவருக்குத் தெரியவில்லை.

ஆட்டோவில் என் வாய் சும்மா இருக்கவில்லை. "அடுத்த தவக்காலத்துக்கு எதை விடப் போறீங்க?"

வலது கையால் இடது மணிக்கட்டைப் பொத்திக்கொண்டு வெளியே பார்த்தார். "தண்ணியத்தான் ஐரின். டயாலிசிஸ்னா அதையும் அளந்துதான் குடிக்கணுமாமே."

எனக்கு அழுகை வந்தது. அருவருப்பும் போகவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு லிங்கராஜபுரத்தில் எங்கள் வீடு வரும் வரை உட்கார்ந்திருந்தேன்.