பகலுக்கு மட்டும் ஆறு அறைகள்

தூத்துக்குடியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் இருபத்திரண்டு பேர் வருகிறார்கள். அவர்கள் குளித்து உடை மாற்ற நெட்டுக்குப்பத்துக்குப் பக்கத்தில் இடம் வேண்டும். பெண் என் தங்கை ஃப்ளோராவின் மகள். தாய்மாமன் என்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. ஞாயிறு பதினோரு மணிக்கு நிச்சயதார்த்தம். விசேஷம் நடக்கும் ஃப்ளோரா வீட்டில் இருப்பது ஒரே குளியலறை.

"மொத மொத வர்ற சம்பந்தி, க்யூல நின்னா குளிப்பாங்க? மானம் போயிடும்ண்ணே" என்றாள்.

கைபேசியில் தேடினேன். முதலில் வந்த விடுதி இரண்டே கிலோமீட்டர். அதை நம்பக் கூடாது. அது நேர்கோட்டுக் கணக்கு. நடுவே முகத்துவாரம் கிடக்கிறது, சாலையில் சுற்றினால் ஒரு மணி நேரம். அடுத்தது மண்ணடியில். அங்கே பகல் பன்னிரண்டுக்குத்தான் அறை தருவார்களாம். ரயிலோ காலை ஏழரைக்கே எழும்பூர் வந்துவிடும். அன்று மாலையே திரும்பும் ரயில். ஆக, நாங்கள் தேட வேண்டியது இரவு தங்கும் அறையே இல்லை. காலையில் சில மணி நேரத்துக்குத் தண்ணீரும், தாழ்ப்பாள் உள்ள கதவும் போதும்.

நான் மோட்டார் ரிப்பேர் செய்பவன். எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு லாட்ஜின் மோட்டாரை வருடத்துக்கு இரண்டு முறை பிரித்து மாட்டுவேன். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அங்கே போனேன்.

"ரூம் இல்ல நைனா, அல்லாம் ஃபுல்லு" என்றார் மேனேஜர் முபாஷிர். அவர் தலைக்கு மேலே பலகையில் ஒன்பது சாவிகள் தொங்கின.

"சாவிய மாட்டி வச்சிக்கினு ஃபுல்லுன்றியே, யார்கிட்ட கத வுடுற?"

"அது பாய்லர் ஆளுங்களுது, மாமு."

அனல்மின் நிலையத்தில் ஒரு கொதிகலனை நிறுத்திப் பராமரிப்பு வேலை பார்க்கும்போது வெளியூர் வெல்டர்களும் ஃபிட்டர்களும் நூற்றுக்கணக்கில் வந்து இறங்குவார்கள். சுற்று வட்டார லாட்ஜுகள் மொத்தமும் நிரம்பிவிடும். ஆனால் பகல் ஷிப்டு காலை ஏழிலிருந்து இரவு ஏழு வரை. ஞாயிறும் உண்டு. அந்தப் பன்னிரண்டு மணி நேரம் அறையில் ஈ கூட இருக்காது.

முபாஷிரிடம் கேட்பதில் பயனில்லை. வாடகைக்கு இருப்பவர்கள் சம்மதிக்க வேண்டும். அன்று ஷிப்டு முடிந்ததும் அவர்களுடைய சூப்பர்வைசர் வசீமைப் பார்த்தேன். திருச்சிக்காரர்.

"விசேஷத்துக்கு வர்றவங்க குளிக்கத்தானே, தாராளமா. ஆனா நாங்க உடம்பெல்லாம் சாம்பலோட வருவோம். அப்ப தொட்டி காலியா இருந்தா எங்க பசங்க உங்களத் தேடி வந்துடுவாங்க."

"தொட்டிய நான் பாத்துக்குறேன்" என்றேன். இரண்டாயிரம் லிட்டர் தொட்டி. இருபத்திரண்டு பேர், ஆளுக்கு மூன்று பக்கெட் என்றாலும் பாதிக்கு மேல் இறங்காது. முக்கால் மணி நேரம் மோட்டார் ஓடினால் மறுபடி நிரம்பிவிடும்.

வசீம் முபாஷிரிடம் ஆறு சாவிகளைக் கொடுக்கச் சொன்னார்.

ஞாயிறன்று வேன் ஒன்பதுக்கு லாட்ஜ் வாசலில் நின்றது. எல்லாரும் இறங்கிய பிறகுதான் அறைகளின் உள்ளே நான் பார்த்தேன். சுவர் முழுக்க ஆணி, மூலையில் கரிபடிந்த பூட்ஸ், கொடியில் கையுறைகள். மாப்பிள்ளையின் அம்மா டெபோரா சுவரை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு உள்ளே போய்த் தாழிட்டார். நான் தொட்டியைப் பார்க்க மாடிக்கு ஓடினேன்.

பத்தே முக்காலுக்கு இருபத்திரண்டு பேரும் பட்டும் பூவுமாக ஃப்ளோராவின் வாசலில் இறங்கினார்கள். ஃப்ளோரா டெபோராவை உள்ளே உட்காரவைத்துக் கையைப் பிடித்துக்கொண்டு, "ரூம் எப்டி இருந்ததோ..." என்று இழுத்தாள்.

"நல்ல ரூமு மதினி. செவரு பூரா ஆணி அடிச்சி வச்சிருக்காவ. எட்டுச் சேலையையும் கசங்காம தொங்கப் போட்டோம். பெரிய ஓட்டல்ல ஒரு கொக்கிதான இருக்கும்? கல்யாணத்துக்கும் அதையே பிடிச்சிருங்க" என்றார் டெபோரா.

காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்த ஃப்ளோரா அப்போதுதான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.