அண்ணனை ஓட வைத்த நாவல்

இருபத்திரண்டு வருடமாக ஊராருக்கெல்லாம் கண்ணாடி செய்து கொடுத்தவளுக்கு, நாற்பத்தைந்து வயதில் தனக்கே ஒன்று தேவைப்பட்டது. கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, லென்ஸைப் பிரேமின் அளவுக்குத் தேய்த்துப் பொருத்துவது அவள் வேலை. ஒரு நாள் பொடி ஸ்க்ரூ ஒன்று கலங்கலாகத் தெரிந்தது. கையை நீட்டிப் பிடித்தால்தான் தெளிந்தது. முதலாளி அவளை வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார வைத்து, "கடைசியில நீயும் வந்து சேர்ந்துட்டியாம்மா" என்று சிரித்தபடி சோதித்தார்.

புதுக் கண்ணாடி பழகுவதற்குப் பொடி எழுத்தில் ஒரு புத்தகம் இருந்தால் நல்லது என்று நூலகத்துக்குப் போனாள். அங்கே வாசலுக்கு நேர் அலமாரியில் அந்த நாவல் நின்றது.

இருபது வயதுப் பையன் ஒருவன் தோளில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பி, ஊர் ஊராகத் திரியும் கதை. படிக்காதவர்கள்கூடப் படித்ததாகச் சொல்லிக்கொள்ளும் புத்தகம். மேடை ஏறியவர்களெல்லாம் அதைப் பற்றிப் பேசிப் பேசி அவளுக்குக் காது புளித்திருந்தது. ஆனால் அவள் அதைத் தொட்டதே இல்லை. அதற்குக் காரணம் அண்ணன்.

அண்ணன் பத்தொன்பது வயதில் வீட்டை விட்டுப் போனான். "இந்த நாவலில் வருகிறவனைப் போல உலகத்தைப் பார்க்கப் போகிறேன், தேட வேண்டாம்" என்று சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போனான். எட்டு மாதம் கழித்து மெலிந்து, தாடியோடு வந்து நின்றபோது, அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. வந்தவர் போனவரிடமெல்லாம், "எம்பையன் புத்தகத்தப் படிச்சுட்டுக் கிளம்பிட்டான், என்ன செய்ய" என்று அலுத்துக்கொள்கிற மாதிரி பெருமையடித்தார். அதே அப்பாதான், "அந்தப் புத்தகம் இனிமே இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது, சின்னவளும் கிளம்பிட்டா யாரு பதில் சொல்றது?" என்றார். அப்போது அவளுக்குப் பதின்மூன்று.

இப்போது கேட்க யாரும் இல்லை. வீட்டுக்கு எடுத்து வந்தாள்.

கடைக்குப் போகும் பேருந்தில் தினமும் படித்தாள். முதல் ஐம்பது பக்கம் கொட்டாவி கொட்டாவியாக வந்தது. கண்ணாடியில்தான் கோளாறோ என்று இரண்டு முறை கழற்றித் துடைத்தாள். கண்ணாடி சரியாகத்தான் இருந்தது. கதாநாயகன் எந்த ஊருக்குப் போனாலும் யாராவது கூப்பிட்டுச் சாப்பாடு போட்டார்கள். சாப்பிட்டு முடித்ததும் அவன் வாசலில் நின்று வானத்தைப் பார்த்து, வாழ்க்கை என்றால் என்ன என்று ஒன்றரைப் பக்கம் யோசித்தான். கிணற்றில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்த பெண்ணிடமும் அதையே கேட்டான். அவள் பதில் சொல்லாமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். புத்தகத்திலேயே உருப்படியான ஆள் அந்தப் பெண்தான் என்று இவள் நினைத்துக்கொண்டாள்.

அறுபதாம் பக்கத்தில் ஆற்றில் விழுந்து அவனுடைய கண்ணாடி உடைந்தது. கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே வருகிற மாடும் மனிதரும் ஒன்றுபோலத் தெரியும் என்று எழுதியிருந்தது. அப்படியானால் தூரப்பார்வைக்குக் குறைந்தது மைனஸ் நாலு பவர். சரி, அடுத்த ஊரில் கண்ணாடி செய்யப் போகிறான் என்று முதல்முறையாக ஆவலோடு பக்கத்தைப் புரட்டினாள். அவன் செய்யவே இல்லை. எழுபதாம் பக்கத்தில் மலை உச்சியில் நின்றுகொண்டு, தூரத்துப் படகில் ஒரு பெண்ணின் கண்ணீரைப் பார்த்தான்.

"மைனஸ் நாலுக்காரன் கண்ணீரப் பாத்தானாம்!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். பக்கத்தில் இருந்த பெண்மணி கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

ஆனாலும் விடாமல் கடைசிப் பக்கம் வரை படித்தாள். முடித்ததும் மனசு சப்பென்று ஆகிவிட்டது. இதற்காகவா முப்பத்திரண்டு வருடம் ஏங்கினோம் என்றிருந்தது. அதைவிட, இதை நம்பியா அண்ணன் போனான் என்று அவன்மேல் பரிதாபமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நேரே அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணன் லிப்ட் மெக்கானிக். மின்விசிறியைக் கழற்றிப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்காண்ணா வீட்ட விட்டுப் போன?" என்று புத்தகத்தை நீட்டினாள்.

அண்ணன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நல்லா இல்லையா?"

"நீ சொல்லு. நீதானே படிச்ச."

அண்ணன் முகத்தில் அசடு வழிந்தது. அண்ணியை ஒரு பார்வை பார்த்தான். அண்ணி மடித்த துணியை முகத்தில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"சொல்லிடுங்க. இன்னும் எத்தன வருஷத்துக்கு மென்னு முழுங்குவீங்க?"

"முப்பது பக்கம் படிச்சேன் வாயாடி. தூக்கம் வந்துருச்சு."

குட்டு உடைந்தது. அவன் அந்த வருடப் பரீட்சையில் மூன்று பாடத்தில் தேறவில்லை. அப்பாவிடம் சொல்லப் பயம். ஃபெயிலாகி ஓடினான் என்பதைவிட நாவல் படித்து ஓடினான் என்றால் கொஞ்சம் கௌரவமாக இருக்குமே என்று சீட்டில் அப்படி எழுதினான்.

"அப்போ ஊர் ஊராச் சுத்துனேன்னு சொன்னதெல்லாம்?"

"ஒரே ஊருதான். ரயில்ல நாலாவது ஸ்டேஷன். ஒரு ரொட்டிக் கடையில மாவு பிசைஞ்சேன்."

அவளுக்குக் கோபம் வர வேண்டிய இடம். வரவில்லை. சிரிப்புதான் அடிவயிற்றிலிருந்து வந்தது. சிரித்து ஓய்ந்ததும், "அந்தக் கடையக் காட்டு, வா" என்றாள்.

"இப்பவா? விசிறி பாதியில கிடக்கு."

"போய்ட்டு வாங்க, நான் ஜன்னலத் திறந்துக்கறேன்" என்றாள் அண்ணி.

நாலாவது ஸ்டேஷனுக்கு முக்கால் மணி நேரம்தான். ரொட்டிக் கடை இன்னமும் இருந்தது. புதிதாகக் கண்ணாடிக் கதவு போட்டிருந்தார்கள். அண்ணன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய், கல்லாவில் இருந்த பெண்ணிடம், "முப்பது வருஷத்துக்கு முன்னாடி நான் இங்கதான் வேலை பார்த்தேன்" என்றான்.

"அப்படிங்களா? என்ன வேணும்?" என்றாள் அந்தப் பெண்.

ஆளுக்கு இரண்டு பன் வாங்கிக்கொண்டு வந்து ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பன் இன்னும் சூடாக இருந்தது. அண்ணன் சொல்லச் சொல்ல அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். மாவு மூட்டைமேல் படுத்துத் தூங்கியது, புருவமெல்லாம் வெள்ளையாகி ஒருவர் அவனைத் தாத்தா என்று கூப்பிட்டது, முதல் வாரம் அடுப்பில் கருக விட்ட ரொட்டியையெல்லாம் அவனையே தின்ன வைத்தது. அந்த நாவலில் நானூறு பக்கத்தில் கிடைக்காதது இங்கே பெஞ்சில் கிடைத்தது.

"ஒரு நாள் உன்னப் பாக்க வந்தேன்" என்றான் திடீரென்று. "ஸ்கூலுக்கு எதிர்ப்பக்கம் நின்னேன். நீ உன் சிநேகிதிகூட என்னத்துக்கோ சிரிச்சுக்கிட்டே போன. சரி, நல்லாத்தான் இருக்கான்னு திரும்பிட்டேன்."

அந்த எட்டு மாதமும் அவள் தினம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவள்.

"கூப்பிட்டிருக்கலாம்லண்ணா?"

"கூப்பிட்டா அன்னிக்கே அப்பாகிட்ட போட்டுக் குடுத்திருப்ப."

அவள் கொஞ்சம் யோசித்துப் பார்த்தாள்.

"ஆமா, குடுத்திருப்பேன்" என்றாள்.

இருவரும் சிரித்தார்கள். ரயில் வந்தது. கூட்டமே இல்லை. எதிரெதிரே ஆளுக்கொரு ஜன்னல் கிடைத்தது.