ஃபுகுஜுன் மாருவின் சிவப்புக் கோடு

ஜப்பானின் யாய்சு துறைமுகத்திலிருந்து கிளம்பும் சூரைமீன் படகுகளில் முப்பது வருடம் உழைத்தவர் மகிதா. கடைசியாக அவர் வேலை பார்த்த ஃபுகுஜுன் மாரு என்ற படகை உடைத்து இரும்புக்குப் போட்டபோது, பள்ளித் தோழர் முரோஃபுஷியிடம் ஒரே ஒரு உதவி கேட்டார். அந்தப் படகை நூறில் ஒரு பங்கு அளவில் செய்து தர வேண்டும். வீட்டில் இருந்த புகைப்படங்களை எல்லாம் உறையில் போட்டுக் கொடுத்தார். ஆறு மாதத்தில் முடித்துவிடுவதாக முரோஃபுஷி வாக்குக் கொடுத்து நான்கு வருடம் ஆகிவிட்டது.

தொடங்குவதில் முரோஃபுஷியை மிஞ்ச ஆளில்லை. மே மாதம் ஷிசுவோகாவில் மாடல் கண்காட்சி வந்தால், துண்டுகளை ஒட்டிச் செய்யும் மாடல் பெட்டி இரண்டாவது வாங்காமல் வீடு திரும்ப மாட்டார். அலமாரியில் இறக்கை ஒட்டாத விமானங்களும் சக்கரம் மாட்டாத ராணுவ டாங்கிகளும் அடைந்து கிடந்தன. மகிதாவின் படகு மரத்தில் உடலைச் செதுக்கியதோடு நின்றது. மேல்தளத்துக்கு வேண்டிய இருநூறு துண்டுகளை நினைத்தாலே கை ஓய்ந்துவிடும். உடனே புதுப் பெட்டி ஒன்றைப் பிரிப்பார். மகிதா விசாரிக்கும்போதெல்லாம் முக்கால்வாசி முடிந்துவிட்டது என்பார்.

இந்த மார்ச் மாதம் மகிதாவின் மனைவி ஃபுமிஎ தொலைபேசியில் அழைத்தார். கணவருக்குக் கண்ணில் அழுத்தம் கூடி, இப்போது வெளிச்சம் எது நிழல் எது என்பது மட்டும்தான் தெரிகிறதாம்.

"உங்ககிட்ட சொல்லவேண்டாம்னுதாங்க சொன்னாரு. அவசரப்படுத்துற மாதிரி ஆயிடுமாம்."

மறுநாள் காலை பத்து மணிக்கு முரோஃபுஷி, உண்மையைச் சொல்லிவிடுவது என்று மகிதாவை அழைத்தார். வாய் வரவில்லை. கயிறு இழுக்கும் இயந்திரம் எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டார். வலது பக்கம் என்று தொடங்கிய மகிதா, அதன் பிடி தேய்ந்து வழுவழுப்பாகிப்போன கதை வரை சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.

அதற்குப் பிறகு தினமும் பத்து மணிக்கு ஒரு கேள்வி, ஒரு துண்டு. "நேத்து சொன்னது ஆச்சா?" என்றுதான் மகிதா பேச்சைத் தொடங்குவார். ஆகவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டே முரோஃபுஷி உட்கார்ந்து வேலை செய்தார். அக்டோபரில் மேல்தளம் நிறைந்துவிட்டது. வண்ணம் மட்டும் பாக்கி. பார்க்க முடியாதவருக்கு வண்ணம் எதற்கு என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, வெறும் மரமும் பிளாஸ்டிக்குமாக அதைத் துணியில் சுற்றி யாய்சுவுக்கு ரயில் ஏறினார்.

மகிதா படகை மடியில் வைத்துக்கொண்டு முனையிலிருந்து தடவிக்கொண்டே வந்தார். சமையலறைக் கதவில் விரல் நின்றது. அங்கேதான் ஒரு புயலில் தோள்பட்டை விலகியது என்றார். பிறகு உடலின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தார்.

"சிவப்புக் கோடு போட்டியா? தண்ணிக்கு ஒரு சாண் மேல."

போட்டாயிற்று என்று சொன்னால் முடிந்தது. ஃபுமிஎ தேநீர் கோப்பையோடு பக்கத்திலேயே நின்றார். படகைப் பார்த்தார், பிறகு முரோஃபுஷியைப் பார்த்தார்.

"போடலடா," என்றார் முரோஃபுஷி. "எந்தப் பெயிண்டும் அடிக்கல. உனக்குத் தெரியாதுன்னு நெனச்சேன். முக்கால்வாசின்னு சொன்னதும் பொய்தான். மார்ச் வரைக்கும் வெறும் கட்டைதான் இருந்துச்சு."

மகிதா உள்ளங்கையை முனை வரை நகர்த்தினார்.

"ரெண்டு வருஷம் முன்னாடி குடுத்திருந்தா பாத்திருப்பேன்."

"ஆமா."

"எடுத்துட்டுப் போயி அடிச்சிட்டு வா. எனக்குத் தெரியாட்டி என்ன, இவ பாப்பால்ல."

மூன்று வாரத்தில், புகைப்படங்களில் உள்ளபடியே வெள்ளையும் சிவப்பும் துருக்கறையும் பூசி முரோஃபுஷி திரும்ப வந்தார். ஃபுமிஎ ஜன்னலோரம் வைத்துப் பார்த்து, கோடு எங்கே தொடங்குகிறது, எங்கே உரிந்திருக்கிறது என்று கணவருக்கு ஒவ்வொன்றாகச் சொன்னார். உரிந்த இடத்தைக் கேட்டதும் மகிதா சிரித்துவிட்டார். அசல் படகிலும் நங்கூரம் உரசி உரசி அப்படித்தான் இருந்ததாம். அவரோடு சேர்ந்து சிரிக்க முரோஃபுஷியால் முடியவில்லை. மகிதாவின் கண்கள் படகுக்கு ஒரு முழம் தள்ளி, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தன.